முதலில் பவர், அப்புறம் பிரேம்

எங்கள் கடைக்கு வருகிற இளவட்டங்கள் பெரும்பாலும் போனில் ஒரு போட்டோவோடுதான் வருகிறார்கள். யாரோ ஒரு நடிகர் விமான நிலையத்திலிருந்து வெளியே வருவார், பாதி முகத்தை மறைத்துக்கொண்டு பெரிய வட்ட பிரேம். "இதே மாதிரி வேணும்க்கா." எடுத்து வைக்கிறேன். பவர் சீட்டு கொண்டுவந்தீங்களா என்று கேட்டால், "அது அப்புறம்க்கா, முதல்ல முகத்துக்கு செட் ஆகுதான்னு பார்ப்போம்" என்பார்கள்.

இந்த வரிசைதான் தலைகீழ். தஞ்சாவூரில் மாமனார் காலத்திலிருந்து நடக்கிற கடை எங்களுடையது. கல்யாணமாகி வந்த புதிதில் என்னைக் கல்லாவில் உட்கார வைத்தார்கள். அப்புறம் லென்ஸ் தேய்க்கிற மெஷின் முன்னாலும் நின்றாகிவிட்டது. பிரேம் விற்றால்தான் எங்களுக்கு நாலு காசு. இருந்தாலும் பவர் தெரியாமல் பிரேம் எடுக்காதீர்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். உங்கள் மூக்கில் எது அழகாக உட்காரும் என்பதில் பாதியைப் பவர்தான் முடிவு செய்கிறது.

சமீபத்தில் ஒரு கல்லூரிப் பெண் அப்பாவோடு வந்தாள். இரண்டு கண்ணிலும் மைனஸ் ஏழு. அவள் கை போனது மெல்லிய தங்கக் கம்பி போட்ட பெரிய வட்ட பிரேமுக்கு. அதன் காதுக்கம்பியின் உள்பக்கம் 54, 18, 140 என்று பொடியாக அச்சடித்திருந்தது. உங்கள் கண்ணாடியிலும் இருக்கும், கழற்றிப் பாருங்கள். முதல் எண் லென்ஸின் அகலம், நடுவில் இருப்பது மூக்குப் பாலத்தின் அகலம், கடைசி எண் காதுக்கம்பியின் நீளம், எல்லாமே மில்லிமீட்டரில். ஐம்பத்து நாலும் பதினெட்டும் எழுபத்திரண்டு. அந்தப் பெண்ணின் பி.டி., அதாவது ஒரு கண்மணியின் நடுவிலிருந்து இன்னொரு கண்மணியின் நடு வரை, ஸ்கேல் வைத்து அளந்தால் அறுபது. அப்படியென்றால் ஒவ்வொரு கண்ணும் லென்ஸின் நடுவில் இல்லாமல் மூக்குப் பக்கம் ஆறு மில்லி தள்ளி இருக்கிறது.

இதை வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது. பிரேமை மாட்டிவிட்டு, நேராக என் மூக்கைப் பார்க்கச் சொல்லி, டம்மி லென்ஸில் அவள் கண்மணிக்கு நேரே மார்க்கரால் புள்ளி வைத்தேன். கண்ணாடியில் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு புள்ளியும் மூக்கை ஒட்டி நெருங்கி நிற்க, காதுப் பக்கம் ஒரு மைதானமே காலியாகக் கிடந்தது. மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்துக்குப் போகப்போகத் தடிக்கும். அந்தக் காலி மைதானம் முழுக்கத் தடிப்புதான். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் அந்த வெளி ஓரம் ஒன்பது மில்லியைத் தாண்டும்.

"காசு கூடுனாலும் பரவால்லம்மா, இருக்கறதுலயே மெல்லிசா போட்டுருங்க" என்றார் அப்பா. அதே பவருக்கு மெல்லிசாக வருகிற, 1.67 என்று சொல்கிற ஹை இண்டெக்ஸ் லென்ஸ் போட்டாலும் அந்தப் பிரேமில் ஏழு மில்லி அளவுக்கு வரும். அதே லென்ஸை 46 அளவு பிரேமில், இருபது மில்லி பாலத்தோடு போட்டால் ஐந்துக்குள் அடங்கிவிடும். பிரேமைச் சின்னதாக்குவதற்குக் காசு கிடையாது. கடைசியில் தேன் நிறத்தில் ஒரு ஷெல் பிரேம், அதாவது தடித்த பிளாஸ்டிக் பிரேம், எடுத்தாள். ஷெல் பிரேமின் விளிம்பே தடியாக இருப்பதால் லென்ஸின் ஓரம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். கம்பி பிரேமில் அது அப்படியே வெளியே துருத்தும். பக்கவாட்டில் பார்க்கும்போது கன்னத்தின் ஓரம் உள்ளே வெட்டிப் போன மாதிரி தெரிவதும் சின்ன பிரேமில் குறைவு. முகம் வட்டமா சதுரமா என்று இணையத்தில் ஆயிரம் படம் போட்டு விளக்குகிறார்கள். மைனஸ் ஒன்று, ஒன்றரை வரைக்கும் அதெல்லாம் சரி. நாலைத் தாண்டினால் முகவெட்டை விடப் பி.டி.தான் பேசும்.

காந்தி, பெரியார், அம்பேத்கர் என்று பழைய படங்களில் எல்லார் மூக்கிலும் வட்டக் கண்ணாடி. பார்ப்பதற்கு எளிமை; கணக்குக்கும் அதுதான் சரி. சின்ன வட்டம், நடுவில் கண். எந்தப் பக்கமும் ஓரம் ஒரே அளவு. அன்றைக்கு லென்ஸ் என்றால் நிஜக் கண்ணாடி, பிளாஸ்டிக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். சி.ஆர்.39 என்கிற பிளாஸ்டிக் அமெரிக்காவில் 1940களில் லென்ஸாக வந்த பிறகுதான் பிரேம்கள் தைரியமாகப் பெருத்தன. இப்போது ஃபேஷனில் வட்டம் திரும்பி வந்திருக்கிறது, அளவு மட்டும் பழைய அளவு இல்லை.

தஞ்சாவூர்க்காரி என்பதால் வல்லத்துக் கல்லைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. திருச்சி போகிற வழியில் இருக்கிற வல்லத்தில் படிகக் கல் கிடைக்கும். அதைப் பட்டை தீட்டுகிறவர்கள் மூக்குக் கண்ணாடிக்கும் சில்லு தேய்த்துக் கொடுத்தார்கள். மாமாவின் மேசை டிராயரில் அப்படி ஒரு ஜோடி இருக்கிறது, பிரேம் போய்விட்டது, கல் மட்டும். அவர் அதை எடுத்து யார் கன்னத்திலாவது ஒட்டவைத்து, "பாத்தியா, சில்லுன்னு இருக்கா? கண்ணுக்குக் குளிர்ச்சி" என்பார். சில்லென்று இருப்பது உண்மைதான். படிகக் கல் சாதாரண கண்ணாடியை விட வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் தொட்ட இடத்துச் சூட்டை இழுத்துக்கொள்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்துக் கல்லா கண்ணாடியா என்று அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் கண்டுபிடித்ததும் இப்படித்தான். எளிதில் கீறலும் விழாது, அந்த டிராயரில் கிடக்கிறவை இன்றும் பளபளவென்று இருக்கின்றன. ஆனால் கண்ணைத் தொடாமல் முன்னால் நிற்கிற லென்ஸ் கண்ணை எப்படிக் குளிர வைக்கும்? போதாக்குறைக்குப் படிகக் கல் புற ஊதாக் கதிரைத் தடுக்காமல் உள்ளே விட்டுவிடும். வெயிலில் அலைகிறவருக்கு இன்றைக்கு மலிவாகக் கிடைக்கிற பாலிகார்பனேட் லென்ஸ் அதைவிட மேல். மாமாவிடம் இதைச் சொன்னேன். "நீ படிச்சவ, சொல்லுவ" என்று டிராயரை மூடிவிட்டார்.

கூலிங் கிளாஸிலும் இதே குளிர்ச்சிக் கதைதான் ஓடுகிறது. தமிழ்நாட்டில் கறுப்புக் கண்ணாடிக்கு அரசியல் அந்தஸ்தே உண்டு, எம்.ஜி.ஆருக்கும் ஒன்று, கருணாநிதிக்கும் ஒன்று. அமெரிக்க விமானிகளுக்கென்று கிளம்பி 1937ல் ரே பான் என்ற பெயரில் கடைக்கு வந்த ஏவியேட்டர் வடிவத்தை நம் ஊர் புல்லட் ஓட்டிகள் இன்னும் விடவில்லை. போட்டுக்கொள்ளுங்கள், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கறுப்பு அதிகமாக இருந்தால் பாதுகாப்பும் அதிகம் என்று நினைக்காதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுப்பது லென்ஸின் சரக்கும் அதன் பூச்சும்தான், நிறம் இல்லை. பாதுகாப்பு இல்லாத கறுப்புச் சில்லைப் போட்டால், இருட்டு என்று நினைத்துக் கண்மணி விரியும், விரிந்த வழியாக அந்தக் கதிர் உள்ளே போகும். சும்மா இருப்பதை விட இது மோசம். யூவி 400 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கர் ஒட்ட யாராலும் முடியும் என்பதால், கடையில் யூவி மீட்டர் இருந்தால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். போலரைஸ்டு, அதாவது பளபளப்பில் பட்டுத் தெறிக்கிற கூச்சத்தைக் குறைப்பது, என்று சொல்லி விற்றால் அதே மாதிரி இரண்டு கண்ணாடியை ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகத் திருப்பிப் பிடியுங்கள். அட்டைக் கறுப்பாக மாறினால் நிஜம்.

டெல்டாக்காரர்களுக்கு இது வெறும் ஸ்டைல் விஷயமும் இல்லை. வெயிலிலும் புழுதியிலும் காலம் தள்ளியவர்களுக்கு மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழி மேல் ஒரு சதை படர்ந்து வளரும். எங்கள் ஊரில் வயல் வேலை செய்கிறவர்கள், பைக்கில் சரக்கு கொண்டுபோகிறவர்கள் முகத்தில் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களில் ஒருவரும் கூலிங் கிளாஸ் கேட்டு வந்ததில்லை. "நமக்கெதுக்கும்மா அதெல்லாம்." நிறமே இல்லாத, யூவி தடுக்கிற வெள்ளைக் கண்ணாடி போதும், கூச்சப்படாமல் மாட்டிக்கொள்ளலாம்.

திரையின் நீல ஒளியைத் தடுக்கும் என்று விற்கிற புளூ கட் லென்ஸ் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. கடைகளில் ஒரு டார்ச்சை அட்டை மேல் அடித்து, நடுவில் லென்ஸை நீட்டி, "பாருங்க, ஒளி போகலை" என்று காட்டுவார்கள். பெரும்பாலும் அந்த டார்ச் ஊதா ஒளி அடிப்பது, புற ஊதாவுக்குப் பக்கத்து வீடு. உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து வருகிற நீலம் வேறு. அதில் ஒரு பங்கைத்தான் அந்த லென்ஸ் பிடிக்கும். 2023ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் அமைப்பு பதினேழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால் குறுகிய காலத்தில் கண் அசதி குறைவதாகத் தெரியவில்லை என்று சொன்னது. என் கடையிலும் புளூ கட் இருக்கிறது, கேட்டால் தருவேன். அசதிக்கு மருந்து என்று சொல்லி விற்க மாட்டேன். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைந்துவிடுகிறது, ஏசி காற்று நேரே முகத்தில் அடிக்கிறது. கண் வறண்டு எரிகிறது. அதற்குக் காசு செலவில்லை, நினைத்து நினைத்துச் சிமிட்டுங்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். "வளர்ற புள்ளை, கொஞ்சம் பெருசா குடுங்க" என்று யூனிபார்ம் தைக்கிற கணக்கில் பிரேம் கேட்பார்கள். பெரிய பிரேம் மூக்கில் வழுக்கி இறங்கும், பிள்ளை லென்ஸுக்கு மேலாகப் பார்க்கும், போட்டும் போடாத கதைதான். இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகமுள்ள குழந்தை நல்ல கண்ணை மட்டும் வைத்துச் சமாளித்துக்கொள்ளும், வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த இன்னொரு கண் சோம்பிப் போய்விட்டால் ஏழெட்டு வயதுக்குப் பிறகு அதை எழுப்புவது கஷ்டம். ஒரு கண்ணைப் பொத்தி காலண்டர் தேதியைப் படிக்கச் சொன்னால் ஓரளவு தெரிந்துவிடும். ஸ்கூலில் சேர்க்கும்போதே டாக்டரிடம் காட்டிவிட்டால் இன்னும் நல்லது. இன்னொன்று, வெளியே விடுங்கள். சீனாவில் குவாங்சூ நகரத்துப் பள்ளிகளில் தினமும் கூடுதலாக நாற்பது நிமிடம் வெளியில் வகுப்பு வைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து, அந்தப் பிள்ளைகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். வைக்காத பள்ளிகளில் 39க்கும் மேல். டியூஷனை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

நாற்பதைத் தாண்டியவர்கள் போனைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வெள்ளெழுத்து. யாரும் தப்ப முடியாது, நானும்தான். நடுவில் கோடு தெரிகிற டி பைஃபோகல் போட்டால் வயது தெரிந்துவிடும் என்று புரோக்ரசிவ் கேட்பார்கள். 1959ல் பிரான்ஸில் பெர்னார் மெத்தனாஸ் என்ற பொறியாளர் கொண்டுவந்த சங்கதி. அதில் தூரத்துப் பவர் மேலே, படிப்புப் பவர் கீழே, நடுவில் ஒரு குறுகிய நடைபாதை. பிரேமுக்கு உயரம் இருந்தால்தான் அந்த நடைபாதைக்கு இடம். இரண்டு விரல் உயரத்துக்கு நீள்சதுர பிரேம் எடுத்துவிட்டு, புரோக்ரசிவ் தலை சுற்றுகிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை. பிரேமை மாட்டி, நிமிர்த்தி, கண்மணியின் உயரத்தை மார்க் பண்ணாமல் ஆர்டர் எடுக்கிற இடத்தில் புரோக்ரசிவ் வாங்க வேண்டாம்.

கல்யாண வீட்டு லென்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பெண்ணுக்கு மேக்கப் போடுகிறவர்களே சில இடங்களில் சாம்பல், தேன் நிறக் காண்டாக்ட் லென்ஸையும் கொண்டுவந்து மாட்டிவிடுகிறார்கள். போன முகூர்த்தத்தில் வேறொரு பெண் கண்ணில் இருந்ததாகக்கூட இருக்கலாம். புதுசாக, உங்களுக்கென்று அளவு பார்த்து வாங்கியதைத் தவிர வேறெதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். கருவிழியில் புண் வந்தால் தேனிலவுக்குப் பதில் ஆஸ்பத்திரிதான்.

கண்ணாடியைப் பராமரிக்க எல்லாரும் ஸ்பிரே கேட்கிறார்கள். குழாயைத் திறந்து முதலில் தூசியைக் கழுவுங்கள், பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு, மெல்லிய பருத்தித் துணி. சட்டை நுனியால் உலர்ந்தபடி தேய்த்தால் தூசியே கீறும். மே மாதத்தில் கார் டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டுப் போனால் பூச்சு வெடித்துச் சிலந்தி வலை ஆகிவிடும். மூக்குப் பட்டைக்குப் பின்னால் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் கொண்டுவாருங்கள், பட்டையை மாற்றிவிடலாம், பிரேமை மாற்ற வேண்டியதில்லை.

கடையில் செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது, அதைத்தான் அதிகம் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். மெஷினில் தாடையை வைத்து, தூரத்தில் வீட்டுப் படத்தைப் பார்க்கச் சொல்லி, சீட்டு அடித்துக் கொடுக்கிறோமே, அது பவர் பார்ப்பது. கண் பரிசோதனை வேறு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், சந்தோஷமாக வந்தார். "இப்பல்லாம் கண்ணாடியே இல்லாம பேப்பர் படிக்கறேன், பாப்பா. கண்ணு திரும்பிடுச்சு." கண் திரும்பவில்லை, புரை வளர்ந்து கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் இறுகும்போது மைனஸ் ஏறும், கொஞ்ச நாளைக்குக் கிட்டத்தில் தெளிவாகத் தெரியும், தூரம் மங்கும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், ஆபரேஷன் முடிந்து இப்போது திண்ணையில் உட்கார்ந்து பஸ் நம்பர் சொல்கிறார். மாமா காலத்தில் புரை எடுத்தவர்களுக்கு பிளஸ் பத்தில் சோடாபுட்டிக் கண்ணாடி தேய்த்தே கை ஓய்ந்துபோகுமாம். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992ல் அரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை மலிவாகச் செய்ய ஆரம்பித்தது இதை மாற்றியதில் பெரிய பங்கு. எங்களுக்கு ஒரு வியாபாரம் போனது, போகட்டும்.

இன்னொருவர் கண்ணாடி வாங்கிக்கொண்டு போன சில வாரத்தில் சண்டைக்கு வந்தார், பவர் தப்பு என்று. மறுபடி பார்த்தால் நிஜமாகவே பவர் மாறியிருந்தது. "சர்க்கரை பார்த்தீங்களா சார்?" பார்த்ததில்லை. முந்நூறுக்கு மேல். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கினால் கண் லென்ஸும் உப்பிச் சுருங்கி பவர் ஆடும். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரம் நிலையாக நின்ற பிறகுதான் கண்ணாடி போட வேண்டும். அவருக்கு நான் லென்ஸை மாற்றிக் கொடுத்ததை விட அந்தக் கேள்வி பெரிய உபகாரம் என்று அவர் மனைவி சொன்னார்.

இதை விட மோசம் கண் அழுத்த நோய். வலிக்காது, சிவக்காது, சார்ட்டில் கடைசி வரி வரை படிப்பார்கள், ஓரப் பார்வை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும், போனது திரும்பாது. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது இருந்தால் உங்களுக்கு வர வாய்ப்பு அதிகம். என் கடை மெஷினில் அது தெரியாது. கண் அரித்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, மாதக் கணக்கில் விட்டுக்கொள்கிற சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், அதுவே இந்த அழுத்தத்தையும் புரையையும் கொண்டுவரும்.

அதனால் நாற்பது வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், குடும்பத்தில் அழுத்த நோய் உள்ளவர்கள் கண் டாக்டரிடம் போய் முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை இருந்தால் வருஷா வருஷம். சொட்டு விட்டுக் கண்மணியை விரித்துப் பார்ப்பார்கள். சில மணி நேரம் கிட்டத்தில் மங்கும், வெயில் கூசும், நீங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பாதீர்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். பழைய கண்ணாடியையும் எடுத்துப் போங்கள், பவர் எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு உதவும். சீட்டில் பி.டி. எழுதியிருக்காவிட்டால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரேமை அப்புறம் எந்தக் கடையில் எடுத்தாலும் சரி.